நட்சத்திரம் போட்ட ரெக்கார்டுங்க

பழைய டேட்டாபேஸ் கரப்ட் ஆயிடுச்சுன்னு யாராச்சும் போன் போட்டா நான் மொதல்ல கேக்குறது ஒண்ணுதான், அத உங்களுக்கு யாரு சொன்னா? புரோகிராம் தொறக்க மாட்டேங்குதா, இல்ல தொறக்குது ஆனா லிஸ்ட்ட பாத்தா தப்பா இருக்கா? மொத வகைன்னா ஒரு விதத்துல நிம்மதி, ஃபைலோட அமைப்புல எங்கயோ அடிபட்டிருக்கு, தேடுனா கெடைக்கும். ரெண்டாவது வகைதான் ஆள கொல்லும். ஏன்னா அதுக்கு எந்த டூலும் மணி அடிக்காது, எல்லாம் 'ஓகே'ன்னுதான் சொல்லும், ஆனா உள்ள ஒருத்தரு 1901ல சங்கத்துல மெம்பரா சேந்திருப்பாரு.

போன வருஷம் பினாங்குல ஒரு மரண சகாய சங்கத்தோட ரெஜிஸ்டர் என் கைக்கு வந்துச்சு. சங்கத்து பேரு வேணாம். மலேசியாவுல வளந்தவங்களுக்கு இது என்னான்னு சொல்லத் தேவையில்ல, மத்தவங்களுக்காக: மாசாமாசம் மெம்பருங்க சந்தா கட்டுவாங்க, வீட்டுல சாவு விழுந்தா சங்கம் ஒரு தொகைய குடும்பத்துக்கு ஒடனே கொடுக்கும், பெட்டி, வேன், ஐயர், சாப்பாடுன்னு அன்னிக்கு அலையுற செலவுக்கு அது ஒரு கை. தோட்டத்துல இருந்து டவுனுக்கு வந்த நம்ம ஆளுங்க கட்டிக்காத்த ஏற்பாடு. இதுல ரெஜிஸ்டர்தான் எல்லாமே. பேரு அதுல இருந்தா காசு, இல்லாட்டி கமிட்டிகாரங்க மூஞ்சியத்தான் பாத்துட்டு நிக்கணும்.

அந்த ரெஜிஸ்டர் ஃபாக்ஸ்புரோ 2.6ன்னு ஒரு பழைய டேட்டாபேஸ் மென்பொருள்ல இருந்துச்சு. 90கள்ல மெம்பரு ஒருத்தரோட மருமகன் எழுதிக் கொடுத்த புரோகிராம், இப்ப அவரு எங்க இருக்காருன்னு யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் ஒரு நாளு ஆன் ஆவல. அதுக்குள்ள இருந்த ஹார்ட்டிஸ்க, பழைய ஐடிஈ ரக டிஸ்க், ஒரு ரொட்டி டின்னுல வெச்சு கொண்டாந்தாங்க. செயலாளர் ஐயா சொன்னது, "தம்பி, எப்படியாச்சும் ரிப்பேர் பண்ணிக் கொடுத்துருப்பா, புது லிஸ்ட் பிரிண்ட் எடுக்கணும்." நான், "ஐயா, ரிப்பேரு கடைசிலதான், மொதல்ல காப்பி"ன்னேன். அவருக்கு அது அவ்வளவா புடிக்கல. பரவால்ல.

இந்த ஒரு விஷயத்துல நான் பிடிவாதக்காரன். பழைய புரோகிராம் எல்லாம் ஃபைல சும்மா தொறந்து பாக்குறேன்னு சொல்லி உள்ள கை வெச்சிடும், ஹெட்டர்ல (ஃபைலோட தலைப்பகுதி) தேதி மாத்தும், இண்டெக்ஸ (தேடுறதுக்கான அட்டவணை) எழுதும், அப்புறம் நீங்க பாக்குறது உண்மையான நெலமையா இல்ல நீங்க கெடுத்த நெலமையான்னே தெரியாது. அதனால ஒரு யூஎஸ்பி அடாப்டர்ல டிஸ்க மாட்டி, லினக்ஸ்ல ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ ஓட விட்டேன். அது புத்திசாலி டூலு, படிக்க முடியாத எடத்துல முட்டிக்கிட்டு நிக்காம தாண்டிப் போயி நல்லா இருக்குறத மொதல்ல எடுத்துடும், அப்புறமா திரும்பி வந்து கெட்டுப்போன எடத்த கொஞ்சம் கொஞ்சமா சொரண்டும், எந்த எடம் கெடைச்சது எது கெடைக்கலன்னு ஒரு மேப் ஃபைலும் எழுதி வெக்கும். அந்த மேப்ப பத்திரமா வெச்சுக்கணும், பின்னாடி அதுதான் பேசும். எடுத்த இமேஜுக்கு, அதாவது டிஸ்கோட முழு நகலுக்கு, ஒரு ஷா256 (ஒரு பைட் மாறுனாலும் காட்டிக்கொடுக்குற கைரேகை) போட்டு, ரீட் ஒன்லி ஆக்கிட்டு, அதுலருந்து எடுத்த காப்பியிலதான் மத்த வேலை எல்லாம்.

டிபிஎஃப், அதான் ஃபாக்ஸ்புரோ டேபிள சேமிக்குற ஃபைலு, அத பத்தி எனக்கு ஒரு மரியாதை உண்டு. இன்னிக்கு பசங்க பாத்தா சிரிப்பாங்க, ஆனா அடிபட்ட நேரத்துல இத மாதிரி நேர்மையான ஃபார்மேட் கம்மி. தோட்டத்து லயன் வீடு மாதிரி, எல்லா ரெக்கார்டும் (ஒரு மெம்பரோட வரி) ஒரே அகலம், வரிசையா ஒண்ணு பக்கத்துல ஒண்ணு, நடுவுல ஒரு வீடு எரிஞ்சாலும் அடுத்த வீட்டு கதவு எங்க இருக்கும்னு கணக்கு போட்டு சொல்லிடலாம். மொத 32 பைட் ஹெட்டர், அதுக்கப்புறம் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் (பேரு, அட்ரஸ் மாதிரி ஒரு கட்டம்) 32 பைட், கடைசில ஒரு முடிவு பைட். 10 ஃபீல்டுன்னா 32 பிளஸ் 320 பிளஸ் 1, மொத்தம் 353. ஒரு ரெக்கார்டு 100 பைட், 3,000 ரெக்கார்டு இருக்குன்னு ஹெட்டர் சொன்னா, ஃபைலு 353 பிளஸ் 3,00,000, அதோட முடிவுக்குறி ஒரு பைட், ஆக 3,00,354 இருக்கணும். சில புரோகிராம் ஹெட்டர்ல ஒரு பைட் ஜாஸ்தி வெக்கும், விஷுவல் ஃபாக்ஸ்புரோ இன்னும் 263 பைட் சேக்கும், அத மட்டும் பாத்துக்கணும். மத்தபடி எந்த சாஃப்ட்வேரும் வேணாம், ஒரு கால்குலேட்டர் போதும். நான் எந்த டிபிஎஃப் வந்தாலும் மொதல்ல இந்தக் கணக்கத்தான் போடுவேன்.

கணக்கு இடிச்சா, எந்தப் பக்கம் இடிக்குதுன்னு பாக்கணும். ஃபைலு சின்னதா இருந்தா வால் அறுந்திருக்கு. பெருசா இருந்து, அந்த அதிகம் சரியா ரெக்கார்டு அகலத்தால வகுபட்டா, அது நல்ல சேதி. ரெக்கார்ட எழுதிட்டு ஹெட்டர்ல எண்ணிக்கைய ஏத்துறதுக்குள்ள கரண்டு போயிருக்கு, இல்லாட்டி யாரோ கம்ப்யூட்டர படார்னு ஆஃப் பண்ணிருக்காங்க. மெம்பருங்க உள்ளதான் இருக்காங்க, ஹெட்டருக்குத்தான் தெரியல. விஷுவல் ஃபாக்ஸ்புரோ பிந்தின வெர்ஷன்ல இப்படி இருந்தா 2091ன்னு எரர் போட்டு டேபிள் கரப்ட்னு பயமுறுத்தும், ஆனா பாதி நேரம் நாலு பைட் எண்ண திருத்துனா வேலை முடிஞ்சிடும். சங்கத்து ஃபைல்லயும் இந்த மாதிரி வெளிய நின்ன ஆளுங்க இருந்தாங்க, ஹெட்டருக்கு பின்னாடி, பேரு, வீட்டு அட்ரஸ், டத்தோ கெராமட், ஜெலுத்தோங், எல்லாம் சுத்தமா.

அதவிட மோசமானது நடுவுல இருந்துச்சு. ஒரு எடத்துல பேரு வர வேண்டிய ஃபீல்டுல மலாய்ல ஒரு கடிதம் ஓடுது. துவான், செகாலா ஹோர்மத்னு. மொதல்ல பாக்குறவன் புரோகிராம்தான் கிறுக்கு புடிச்சிருச்சுன்னு நெனப்பான். நான் பாத்தது அந்தக் குப்பை எந்த பைட்ல ஆரம்பிக்குதுன்னு. அது 32,768ஆல சரியா வகுபடுது, முடியுற எடமும் அப்படியே. பழைய ஃபேட்16 முறை டிஸ்க்ல ஒரு ஜிபிக்கு மேல இருக்குற பார்ட்டிஷனுக்கு கிளஸ்டர், அதாவது ஃபைலுக்கு எடம் பிரிச்சு கொடுக்குற துண்டு, 32 கேபி (32,768 பைட்), ஆக ஃபாக்ஸ்புரோ மேல பழி போட முடியாது, விண்டோஸ் தொங்கிப்போயி ரெண்டு ஃபைலு ஒரே கிளஸ்டருக்கு சொந்தம் கொண்டாடிருக்கு, அப்புறம் விண்டோஸோட டிஸ்க் ரிப்பேர் புரோகிராம் ஸ்கேன்டிஸ்க் வந்து பஞ்சாயத்து பண்ணி தப்பான ஆளுக்கு தீர்ப்பு சொல்லிருக்கு. சேதத்தோட எல்லை ரவுண்டு நம்பர்ல இருந்தா டிஸ்க்க சந்தேகப்படு, ரெக்கார்டு எல்லையில இருந்தா புரோகிராம சந்தேகப்படு. இத தெரிஞ்சா என்னா லாபம்னா, டிஸ்க்லயே ஸ்கேன்டிஸ்க் விட்டுவெச்ச சிஎச்கே ஃபைலுங்க, ஃபைல்0000ன்னு ஆரம்பிக்குற பேர்ல ரூட்ல கெடக்கும், அதுல நம்ம தொலைஞ்ச கிளஸ்டர் இருக்கான்னு தேடலாம். ரெக்கார்டு அகலம் தெரியுறதால தேடுறது சுலபம். கொஞ்சம் கெடச்சுது, எல்லாம் இல்ல.

இனி நட்சத்திரம். டிபிஎஃப்ல ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் மொத பைட் ஒரு கொடி. வெத்தெடம்னா ஆளு இருக்காரு, நட்சத்திரம்னா டிலிட் பண்ணியாச்சு. ஆனா டிலிட்னா அழிக்கல, குறி மட்டும்தான், பேக்னு ஒரு கமாண்ட் அடிச்சாதான் நெசமாவே போவும். நல்ல வேளை இந்த சங்கத்துல யாருக்கும் பேக் அடிக்கத் தெரியல. அதனால 90கள்ல இருந்து செத்துப்போனவங்க, சந்தா கட்டாம நின்னவங்க, ஜோகூர் பக்கம் போயிட்டவங்க எல்லாரும் நட்சத்திரத்தோட அங்கயேதான் இருக்காங்க. சும்மா ஒரு எக்ஸ்போர்ட் டூல்ல போட்டீங்கன்னா சிலது நட்சத்திரத்த மதிக்காம எல்லாரயும் உயிரோட கொண்டாந்துடும், சிலது கேக்காமலே எல்லாரயும் தூக்கிப்போட்டுடும். ரெண்டுமே தப்பு. நான் அதுக்குன்னே ஒரு காலம் போட்டு, நட்சத்திரம் இருந்துச்சு, இல்லன்னு எழுதி வெச்சேன். ஏன்னா பின்னாடி சங்கத்து கெராணி (குமாஸ்தா) அக்கா பாத்துட்டு, "ஏங்க, இவரு சாவல, கோயில் பக்கம் பூக்கடை வெச்சிருக்காரு"ன்னு சொன்ன ஆளுங்களும் அதுல இருந்தாங்க. யாரோ ஒரு காலத்துல கை தவறி டிலிட் அடிச்சிருக்காங்க, அவரு சந்தாவ மட்டும் ரசீதுல ஒழுங்கா வாங்கிட்டே இருந்திருக்காங்க.

இண்டெக்ஸ் பத்தி ரெண்டு வரி போதும். பேரு போட்டு தேடுனா வரல, ஆனா மேலருந்து கீழ உருட்டுனா இருக்காருன்னா அது இண்டெக்ஸ் கோளாறு, டேட்டா போவல. அந்த சிடிஎக்ஸ் ஃபைல ஒதுக்கி வெச்சிட்டு புதுசா கட்டுங்க, கெட்ட இண்டெக்ஸ் மேலயே ரீஇண்டெக்ஸ் அடிக்காதீங்க, அதோட தலையே கெட்டிருந்தா கெட்டதயே நம்பி கட்டும்.

தமிழ் பேருங்க கதை வேற. லிஸ்ட்ல ஒரு ஃபீல்டு பூரா கொம்பு மொளச்ச பிரெஞ்சு எழுத்து மாதிரி என்னமோ. முன்னாடி பாத்த கம்ப்யூட்டர் கடைக்காரரு இத பாத்துட்டுதான் "முழுசா கரப்ட் லா, தூக்கிப் போட்டுருங்க"ன்னு சொல்லிருக்காரு. அது கரப்டே இல்ல. விண்டோஸ் 2000க்கு முன்னாடி விண்டோஸ்ல தமிழ் யூனிகோடுக்கு ஆதரவே கெடையாது, நம்ம ஊர்ல முத்து நெடுமாறன் 80கள்ல ஆரம்பிச்ச முரசு மாதிரி மென்பொருளும் எழுத்துருவும் வெச்சுத்தான் ஓட்டுனோம், அப்புறம் டிஸ்கின்னு ஒரு என்கோடிங் (எந்த எழுத்துக்கு எந்த பைட்னு ஒரு அட்டவணை) வந்துச்சு, 1999ல தமிழ்நாட்டு அரசு டேம், டேப்னு ரெண்டு கொண்டாந்துச்சு. எல்லாம் எட்டு பிட், சரியான எழுத்துரு இல்லன்னா திரையில கோலம் போடும், ஆனா பைட் அப்படியே இருக்கும்.

எந்த என்கோடிங்னு எப்படி கண்டுபுடிக்கிறது? நான் செஞ்சது, பேரு ஃபீல்டுல கடைசி எழுத்த மட்டும் எண்ணிப் பாத்தேன். நம்ம ஆம்பள பேருங்கள்ல நெறய முடியுறது ன்'லதான, முருகன், கண்ணன், சுப்ரமணியன், லிஸ்ட் பூரா அதான். எந்த பைட் கடைசில ஜாஸ்தியா வருதோ அதுதான் ன். அத வெச்சு டிஸ்கி அட்டவணையோட ஒத்துப் பாத்தா பொருந்துது. அப்புறம் இன்னொரு சிக்கல், டிஸ்கில கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம் எல்லாம் கண்ணுக்கு தெரியுற வரிசையில மெய்க்கு முன்னாடி வரும், யூனிகோட்ல பின்னாடி. சும்மா பைட்டுக்கு பைட் மாத்துனா வேலாயுதம் தலைகீழா நிப்பாரு. அளவும் மாறும், முருகன் டிஸ்கில நாலு பைட், யூடிஎஃப்8ல 21 பைட். பழைய ஃபீல்டு அகலத்தயே புது டேபிள்லயும் வெச்சீங்கன்னா நீள பேருக்கெல்லாம் வால் போவும், அது நீங்க புதுசா உண்டாக்குன கரப்ஷன். நான் பாத்த வரைக்கும் பழைய தமிழ் டேட்டா நெறய செத்தது வயசானதால இல்ல, யாரோ எக்செல்ல தொறந்து சேவ் பண்ணதால.

எக்செல்னதும் ஐசி (அடையாள அட்டை) நம்பர் ஞாபகம் வருது. நம்ம புது ஐசிக்கு 12 இலக்கம், மொத ஆறு பொறந்த தேதி, அடுத்த ரெண்டு பொறந்த மாநிலம், பினாங்குன்னா 07, கடைசி இலக்கம் ஒத்தப்படைன்னா ஆண், ரெட்டப்படைன்னா பெண். எக்செல் அத நம்பர்னு நெனச்சு 7.80412ஈ+11ன்னு காட்டும், அப்படியே சிஎஸ்வில சேவ் பண்ணா மிச்ச இலக்கம் கோவிந்தா. 2000லருந்து 2009 வரைக்கும் பொறந்த புள்ளைங்களுக்கு முன்னால இருக்குற சைபரும் போயிடும். சங்கத்து ஃபைல்ல இது இல்ல, வேற ஒண்ணு இருந்துச்சு. புது ஐசி 1990ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஏழு இலக்கம். அந்த மருமகன் பழைய கணக்குல எட்டு அகலம்தான் வெச்சிருக்காரு, அதனால புது நம்பர் அடிச்சவங்களுக்கு எல்லாம் மொத எட்டு இலக்கம் மட்டும் நிக்குது. பொறந்த தேதியும் மாநிலமும் இருக்கு, ஆள தனியா பிரிச்சு காட்டுற கடைசி நாலும் இல்ல. எந்த டூலும் இத தப்புன்னு சொல்லாது, எட்டு இலக்கம் எட்டு அகலத்துல அழகா ஒக்காந்திருக்கு.

அதனாலதான் அமைப்பு சோதனை முடிஞ்ச பிறகு அர்த்த சோதனைன்னு ஒரு சுத்து நான் தனியா வெப்பேன். ஐசில இருக்குற பொறந்த தேதியும் பொறந்த தேதி ஃபீல்டும் ஒண்ணா? பேர்ல ஏ/பி (இன்னாரோட மக)ன்னு இருக்கு, பாலினத்துல ஆண்னு இருக்கா? ஒரே ஆளு ஒரு எடத்துல ஏ/எல், இன்னொரு எடத்துல எஸ்/ஓன்னு (ரெண்டுக்கும் இன்னாரோட மகன்னுதான் அர்த்தம்) ரெண்டு தடவ இருக்காரா? சேந்த தேதி பொறந்த தேதிக்கு முன்னாடியா? அந்த 1901 மெம்பரு இங்கதான் மாட்டுனாரு. ஃபாக்ஸ்புரோல செஞ்சுரிங்குற செட்டிங் ஆஃப்ல இருந்தா வருஷத்துக்கு ரெண்டு இலக்கம்தான் அடிக்கலாம், அது எல்லாத்தயும் 19ன்னு எடுத்துக்கும், அதனால 2001ல சேந்தவங்க மொத்தமும் 1901ல சேந்துட்டாங்க. ஃபைலுக்குள்ள தேதி எட்டு இலக்கத்துல கனகச்சிதமா இருக்கு. சங்கம் பொறக்குறதுக்கு முன்னாடியே மெம்பரு.

வேலை செய்யுற எடத்துலயும் இதே கதைதான், அங்க எஸ்கியூஎல் சர்வர்னு மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ். பழைய 2000 வெர்ஷன்ல இருந்து ஏத்தி ஏத்தி கொண்டாந்த டேட்டாபேஸ்ல செக்டிபின்னு சோதனை கமாண்ட் ஓட்டுனா எரர் இல்லன்னு வரும், எல்லாரும் கை தட்டிட்டு பசியாற போயிடுவாங்க. ஆனா 2005 வெர்ஷனுக்கு முன்னாடி பொறந்த டேட்டாபேஸ்ல காலத்தோட மதிப்பு சரியான்னு அது தானா பாக்காது, டேட்டா பியூரிட்டின்னு சொல்லி ஒரு தடவ சுத்தமா ஓட விடணும். பேஜ் செக்சமும் (ஒவ்வொரு பேஜுலயும் எழுதி வெக்குற சரிபார்ப்பு எண்) அப்படித்தான், ஏத்துனதோட தானா ஆன் ஆவாது, நீங்க ஆன் பண்ணாலும் ஒரு பேஜ் திரும்ப எழுதப்படுற வரைக்கும் அதுல செக்சம் கெடையாது, பல வருஷம் யாரும் தொடாத பேஜுங்க வெறும் மேனியா நிக்கும். கெட்டுப்போறதும் பெரும்பாலும் யாரும் தொடாத எடம்தான? ரிப்பேர் அலவ் டேட்டா லாஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத அடிக்குறதுக்கு முன்னாடி நல்ல பேக்கப் இருக்கான்னு பத்து தடவ கேளுங்க, அது டேட்டாபேஸத்தான் காப்பாத்தும், உங்க டேட்டாவ இல்ல.

சங்கத்தோடத நான் கடைசில எஸ்கியூலைட்னு ஒரு சின்ன டேட்டாபேஸுக்கு மாத்துனேன். இன்டெக்ரிட்டி செக் ஓட்டுனா ஓகேன்னு ஒரே ஒரு வார்த்தை. அது சொல்றது பேஜும் மரமும் இண்டெக்ஸும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போவுதுன்னு, அவ்வளவுதான். யாருமே இல்லாத மெம்பர் நம்பருக்கு சந்தா கட்டுன ரெக்கார்டுங்க இருக்கான்னு பாக்க ஃபாரின் கீ செக்குன்னு வேறயா ஓட்டணும். ஓட்டுனேன், கொட்டுச்சு. அந்தக் கடிதம் தின்ன எடத்துல இருந்தவங்களோட சந்தாதான் பூராவும், ஆளு போயிட்டாரு, அவரு கட்டுன காசு மட்டும் வேற டேபிள்ல பத்திரமா இருக்கு. எனக்கு அது பெரிய உதவி, ஏன்னா தொலைஞ்ச மெம்பர் நம்பர் எதெதுன்னு லிஸ்ட் அதுலயே கெடச்சிடுச்சு.

அந்த லிஸ்ட கெராணி அக்காகிட்ட கொடுத்தேன். அறுபத தாண்டுனவங்க, எங்கிட்ட 'தம்பி'ன்னு ஆரம்பிச்சா வேலை சொல்லப் போறாங்கன்னு அர்த்தம். பீரோவுல இருந்து ரசீது புக்கோட அடிக்கட்டை கட்டு கட்டா எடுத்துப் போட்டாங்க, பாதி கரையான், மீதி பினாங்கு ஈரத்துல ஒட்டிக்கிட்டு. ஒரு நம்பர் சொல்லுவேன், அவங்க அடிக்கட்டைய பிரிப்பாங்க, பேரு வரும், அதோட அந்தக் குடும்பத்து வரலாறும் வரும், மூத்த பொண்ணு எங்க கட்டிக் கொடுத்தாங்கங்குற வரைக்கும். தேவையில்லாததுன்னு மொதல்ல நெனச்சேன், ஆனா ரெண்டு சுப்ரமணியத்துல எவரு பட்டர்வொர்த்து எவரு ஆயர் ஈத்தாம்னு முடிவு பண்ணது அந்தக் கதைங்கதான்.

செயலாளர் ஐயாவுக்கு லிஸ்ட் முழுசா, ஓட்டை இல்லாம வேணும். "கட்டத்த காலியா விட்டா மெம்பருங்க கேள்வி கேப்பாங்கப்பா." கேக்கட்டும் ஐயா, கேட்டாதான் நமக்கு விவரம் வரும்னேன். நான் எதயும் ஊகிச்சு நிரப்பல. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம்னு ஒரு காலம்: டிபிஎஃப்ல இருந்து, ஹெட்டருக்கு பின்னாடி இருந்து, சிஎச்கே ஃபைல்ல இருந்து, அடிக்கட்டையில இருந்து, யாரோ வாயால சொன்னதுல இருந்து. 1901 ஆளுங்களுக்கு பழைய தேதிய அப்படியே விட்டுட்டு பக்கத்துல 2001ன்னு போட்டேன். ஐசி கடைசி நாலு இலக்கம் இல்லாதவங்களுக்கு காலி. கமிட்டி கூடி ஒண்ணு எழுதி கையெழுத்து போட்டாங்க, அடிக்கட்டையில கடைசி வருஷத்து சந்தா இருந்தா, ரெஜிஸ்டர்ல பேரு இல்லன்னாலும், நட்சத்திரமே இருந்தாலும் மெம்பர்தான், சாவு விழுந்தா காசு உண்டு, பேப்பர் வேலை அப்புறம். பூக்கடைக்காரருக்கு அன்னிக்கே நட்சத்திரத்த எடுத்தாச்சு, அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது, யாரு போயி சொல்றதுன்னு கமிட்டில இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க.